பெற்றவள் தாயா, பத்திரம் உள்ளவள் தாயா?

(ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டமொன்றில் ஆற்றிய உரை)

தோழர்களே! தாய்மார்களே!

கூலி, பஞ்சப்படி, போனஸ், நிலம் இவற்றைப் பற்றிப் பேசவே நாம் வழக்கமாகக் கூடுகிறோம். இன்று பேசப்போவது வேறு விஷயம். ஒரு குழந்தைக்குத் தாய் யார் என்பதைச் சட்டம் எப்படித் தீர்மானிக்கிறது என்பதே இன்றைய பேச்சு.

"இதென்ன கேள்வி? பெற்றவள் தாய். இதற்குச் சட்டம் எதற்கு, கோர்ட்டு எதற்கு?" என்று சிலர் சிரிப்பது காதில் விழுகிறது. நாமும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்திருந்தோம். சில நாட்களுக்கு முன் ஒரு தாய் நம்மைத் தேடி வந்தார். நாற்று நட்டும் களை எடுத்தும் பிழைக்கிறவர். அவருடைய மகளுக்கு நூல் மில்லில் வேலை, இரண்டு குழந்தைகள், தலைக்கு மேல் கடன். அந்த மகளைத் தேடி ஒரு புரோக்கர் வந்திருக்கிறான். "பத்து மாசம் சுமந்து கொடு, கடன் தீர்ந்துவிடும். பிறகு குழந்தைக்கும் உனக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. சட்டமே அப்படித்தான் சொல்லுது" என்று சொல்லியிருக்கிறான்.

அந்த அம்மா நம்மைக் கேட்டார்: "பத்து மாசம் சுமந்து, வலி பொறுத்துப் பெத்தவளுக்கு ஒட்டு உறவில்லைன்னு ஒரு சட்டம் இருக்குமா தோழர்?"

இருக்கிறது, தோழர்களே. எப்படி வந்தது, யாருக்காக வந்தது, அதில் நமக்கு என்ன உண்டு, என்ன இல்லை என்பதை அந்த அம்மாவுக்குச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். அதையே இங்கு உங்கள் எல்லோர் முன்னிலையிலும் சொல்கிறோம்.

பழைய சட்டம் சொன்னது என்ன?

தாய் எப்போதும் நிச்சயமானவள் என்பது ரோமாபுரிச் சட்டத்திலிருந்து வரும் பழைய விதி. பிரசவத்தைக் கண்ட மருத்துவச்சி ஒருத்தி சாட்சி சொன்னால் போதும். தகப்பன் விஷயம் அப்படியல்ல. கல்யாணத்தை வைத்துத்தான் சட்டம் தகப்பனைக் கண்டுபிடித்தது. வெள்ளைக்காரன் 1872ல் கொண்டுவந்த சாட்சியச் சட்டத்தில் 112வது பிரிவு என்று ஒன்று இருந்தது. கணவன் மனைவியாக இருக்கும் காலத்தில் பிறந்த குழந்தை அந்தக் கணவனுடையதே. இருவரும் சேர வழியே இருக்கவில்லை என்று நிரூபித்தால்தான் மறுக்கலாம். 2024 ஜூலை முதல் அமலில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டத்திலும் அதே விஷயம் 116வது பிரிவாக உட்கார்ந்திருக்கிறது. தகப்பனுக்கு ஒரு பிரிவு உண்டு. தாய்க்குப் பிரிவே இல்லை. தாய் யார் என்று யாரும் கேட்கவில்லை.

சந்தேகமற்றவள் ஆனதால் அவளுக்கு முதல் மரியாதை கிடைத்ததா? இல்லை! 1956ம் வருஷத்து இந்து மைனர் கார்டியன் சட்டத்தைப் பாருங்கள். கல்யாணத்தில் பிறந்த குழந்தைக்கு இயற்கைக் கார்டியன் தகப்பன். "அவனுக்குப் பிறகு" தாய். கல்யாணமின்றிப் பிறந்த குழந்தைக்கு மட்டும் முதல் கார்டியன் தாய். சொத்து உள்ள இடத்தில் தகப்பன் முன்னால் நிற்கிறான்; பாரம் உள்ள இடத்தில் தாய் முன்னால் நிறுத்தப்படுகிறாள். "பிறகு" என்றால் தகப்பன் செத்த பிறகு என்று மட்டும் பொருளல்ல, அவன் கவனிக்காத போதும் தாய் கார்டியனே என்று சுப்ரீம் கோர்ட்டு விளக்கம் சொல்ல 1999ம் வருஷம் வரை நாடு காத்திருந்தது.

இன்னொரு உதாரணம். அமெரிக்காவில் வர்ஜீனியா என்ற பிரதேசம். ஆங்கிலேயர் வழக்கப்படி குழந்தையின் நிலை தகப்பன் நிலையைப் பொறுத்தது. அங்கே வெள்ளை எஜமானர்கள் அடிமைப் பெண்களிடம் பிள்ளை பெற்றார்கள். பழைய வழக்கப்படி அந்தப் பிள்ளைகள் சுதந்திர மனிதர்களாகிவிடுவார்களே! 1662ல் சட்டத்தைத் தலைகீழாகத் திருப்பினார்கள். தாயின் நிலையே குழந்தையின் நிலை. தாய் அடிமை என்றால் பிள்ளையும் அடிமை. அந்த ஒரு வரியினால் எஜமானனுக்குக் கூலியில்லாத ஆள் கிடைத்துக்கொண்டே இருந்தது. அந்தத் தாய்க்கோ, பெற்ற பிள்ளையைத் தன் பக்கத்தில் வைத்துக்கொள்ளும் உரிமைகூட இல்லை.

தாய் வழி, தகப்பன் வழி என்பதைச் சட்டம் பாசத்தை வைத்து எழுதவில்லை. சொத்து யாரிடம் போக வேண்டும் என்பதை வைத்தே எழுதியது. எங்கெல்ஸ் 1884ல் குடும்பத்தின் தோற்றம் பற்றி எழுதிய நூலில் விளக்கிய விஷயம் இதுதான்.

ஒருத்தி மூவரானாள்

1978 ஜூலையில் இங்கிலாந்தில் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை பிறந்தது. அதே வருஷம் அக்டோபரில் கல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகோபாத்யாய நமது நாட்டின் முதல் குழந்தையை உருவாக்கினார். சர்க்கார் அமைத்த கமிட்டி அவரை நம்ப மறுத்தது. மனமுடைந்த அந்த மேதை 1981ல் தம் உயிரை மாய்த்துக்கொண்டார்.

விஞ்ஞானத்தை நாம் குறை சொல்லவில்லை. பிள்ளையில்லாத வீட்டின் துக்கம் நமது தெருக்களிலும் உண்டு. மலடி என்ற சொல்லைக் கேட்டுக் கேட்டுத் தேய்ந்த பெண்கள் நமது குடும்பங்களிலும் உண்டு. அவர்களுக்கு விஞ்ஞானம் வழி காட்டினால் நாம் மகிழ்கிறோம்.

ஆனால் ஒரு பெண்ணின் கருமுட்டையை எடுத்து இன்னொரு பெண்ணின் வயிற்றில் வளர்க்கலாம் என்றானதும், அதுவரை ஒருத்தியாக இருந்த தாய் மூவரானாள். முட்டை கொடுத்தவள் ஒருத்தி. சுமந்து பெற்றவள் ஒருத்தி. வளர்க்க விரும்பிப் பணம் செலவழித்தவள் ஒருத்தி. முதல் இருவரும் பெரும்பாலும் ஏழைகளாகவும், மூன்றாமவள் வசதி உள்ளவளாகவும் இருந்ததே நடைமுறை. ஜனங்கள் இதற்கு வைத்த பெயரிலேயே எல்லாம் அடங்கிவிட்டது: வாடகைத் தாய்! வீட்டுக்கு வாடகை, சைக்கிளுக்கு வாடகை, கடைசியில் வயிற்றுக்கும் வாடகை!

ஆனந்த் நகரில் நடந்தது

குஜராத்தில் ஆனந்த் என்ற ஊர். பால் உற்பத்தியாளர் கூட்டுறவினால் உலகப் புகழ் பெற்ற ஊர். அதே ஊர் பின்னர் வாடகைத் தாய் வியாபாரத்துக்கும் பெயர் பெற்றது. அயல் நாட்டுத் தம்பதிகள் விமானத்தில் வந்து இறங்கினார்கள். அங்கே 2008ல் நடந்த இரண்டு பிரசவங்களைப் பற்றி மட்டும் சொல்கிறோம்.

ஒன்று, ஜப்பானியத் தம்பதி ஏற்பாடு செய்த குழந்தை. விந்து கணவனுடையது, முட்டை பெயர் தெரியாத ஒரு பெண்ணுடையது, சுமந்தவள் ஆனந்த் நகரத்துப் பெண். குழந்தை பிறப்பதற்கு முன்பே தம்பதி பிரிந்துவிட்டார்கள். ஜூலை மாதம் குழந்தை பிறந்தது. பிரிந்துபோன மனைவிக்குக் குழந்தை வேண்டாம். முட்டை கொடுத்தவள் யாரென்று தெரியாது. சுமந்தவள் ஒப்பந்தப்படி ஒதுங்கிவிட்டாள். நகரசபை கொடுத்த பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயர் மட்டும் இருந்தது. மூன்று பெண்கள் சேர்ந்து உருவாக்கிய குழந்தைக்குச் சட்டத்தில் ஒரு தாயும் இல்லை! ஜப்பானிலிருந்து வயதான பாட்டி ஓடிவந்து, சுப்ரீம் கோர்ட்டு வரை சென்று, மாதக்கணக்கில் அலைந்த பிறகே பேத்தியை எடுத்துக்கொண்டு ஊர் திரும்ப முடிந்தது.

மற்றொன்று, ஜெர்மன் தம்பதியின் இரட்டைக் குழந்தைகள். இங்கும் முட்டை பெயர் தெரியாத இந்தியப் பெண்ணுடையது. சுமந்தவள் ஆனந்த் நகரத்துப் பெண். ஜெர்மன் நாட்டுச் சட்டப்படி பெற்றவளே தாய். ஆகவே ஜெர்மனி அந்தக் குழந்தைகளைத் தன் பிரஜைகள் என்று ஏற்கவில்லை. இந்திய சர்க்காரும் பாஸ்போர்ட் தர மறுத்தது. வழக்கு குஜராத் ஹைகோர்ட்டுக்குப் போயிற்று. 2009 நவம்பரில் தீர்ப்பு வந்தது. இதற்கென்று நாட்டில் சட்டம் இல்லாத நிலையில், வயிற்றில் சுமந்து பெற்றவளே இயற்கையான தாய். அவள் இந்தியப் பிரஜை, ஆகவே குழந்தைகளும் இந்தியப் பிரஜைகள் என்றது கோர்ட்டு. மத்திய சர்க்கார் அப்பீலுக்குப் போயிற்று. கடைசியில் தத்து ஏற்பாட்டின் பேரில் 2010ல்தான் குழந்தைகள் ஜெர்மனிக்குப் போய்ச் சேர்ந்தன.

கவனியுங்கள் தோழர்களே! சுமந்து பெற்ற ஏழைப் பெண்ணைத் தாய் என்று ஒரு ஹைகோர்ட்டு சொல்லிற்று. ஆனால் அந்தப் பெண் கேட்டுச் சொல்லவில்லை. பணம் கொடுத்தவருடைய குழந்தைக்குப் பாஸ்போர்ட் வேண்டியிருந்தது. அதற்காக அவள் தாயாக்கப்பட்டாள்.

ஒரே நாடு, நாலு விடை

16 வருஷங்களில் நமது நாடு இந்தக் கேள்விக்கு நாலு விதமாகப் பதில் சொல்லியிருக்கிறது.

2005ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் தயாரித்த வழிமுறைகள், பிறப்புச் சான்றிதழ் முட்டைக்கும் விந்துக்கும் உரியவர்களின் பெயரில் இருக்க வேண்டும் என்றன. 2009ல் குஜராத் ஹைகோர்ட்டு, சுமந்தவளே தாய் என்றது. 2017ல் பிரசவ உதவிச் சட்டத்தைத் திருத்தினார்கள். தன் முட்டையைக் கொடுத்து வேறொருத்தி வயிற்றில் குழந்தை வளர்க்கிறவளுக்குத் தனிப் பெயர் வைத்து, குழந்தையைக் கையில் வாங்கிய நாளிலிருந்து 12 வாரச் சம்பள விடுமுறை கொடுத்தார்கள். 2021ல் வாடகைத் தாய் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. குழந்தை யாருக்காகச் சுமக்கப்பட்டதோ அந்தத் தம்பதிக்கே பிறந்த குழந்தையாகக் கருதப்படும் என்றது.

இதற்கு நடுவே நமது சென்னை ஹைகோர்ட்டின் தீர்ப்பு ஒன்றையும் சொல்ல வேண்டும். சென்னைத் துறைமுகத்தில் வேலை செய்த ஒரு பெண் ஊழியர், வாடகைத் தாய் மூலம் பிறந்த தம் குழந்தையை வளர்க்க விடுமுறை கேட்டார். நிர்வாகம் மறுத்தது. 2013ல் நீதிபதி கே. சந்துரு, தத்தெடுத்த தாய்க்கு உள்ள விடுமுறையை இவருக்கும் கொடு, குழந்தையை மருத்துவ அட்டையில் சேர் என்று உத்தரவிட்டார். நல்ல தீர்ப்பு. வளர்க்கிற தாயும் உழைப்பாளிதான். குழந்தைக்குப் பாலும் கவனிப்பும் வேண்டும். வளர்க்கிற தாய்க்கு நாம் எதிரி அல்ல.

பிற நாடுகளைப் பாருங்கள்

இங்கிலாந்தில் 1990ம் வருஷச் சட்டமும் 2008ம் வருஷச் சட்டமும் சுமந்து பெற்றவளே தாய் என்று தெளிவாகச் சொல்கின்றன. முட்டை யாருடையதானாலும் சரி. பிறகு கோர்ட்டு உத்தரவினால் தாய் ஸ்தானம் மற்றவருக்கு மாறலாம். ஆனால் பெற்றவளின் சம்மதம் வேண்டும். பிரசவமாகி ஆறு வாரம் ஆவதற்கு முன் அவள் கொடுக்கும் சம்மதம் செல்லாது! பிரசவ வலியும் மயக்கமும் தீர்ந்து, உடம்பு தேறி, யோசித்துச் சொல்ல அவளுக்கு நேரம் உண்டு.

கலிபோர்னியாவில் 1993ல் வேறு மாதிரி தீர்ப்பு. ஒரு கறுப்பினத் தாதிப் பெண், வேறொரு தம்பதியின் கருவை 10,000 டாலருக்குச் சுமக்க ஒப்புக்கொண்டாள். தகராறு வந்து, குழந்தை தனக்கு வேண்டும் என்றாள். முட்டை கொடுத்தவளும் தாய் என்று சொல்லச் சட்டத்தில் இடமிருக்கிறது, பெற்றவளும் தாய் என்று சொல்ல இடமிருக்கிறது, ஆகவே இந்தக் குழந்தை உலகில் பிறக்க வேண்டும் என்று முதலில் உத்தேசித்தவளே தாய் என்றது அங்குள்ள சுப்ரீம் கோர்ட்டு. உத்தேசம்! மில் கட்ட உத்தேசித்தவன் முதலாளி, ஆகவே நூல் அவனுடையது என்பதைத்தான் நாம் தினமும் கேட்கிறோமே! நூற்றவளுக்கு உத்தேசம் கிடையாதாம். கை மட்டும்தான் உண்டாம்.

நமது சட்டம் என்ன சொல்கிறது?

2022 ஜனவரி 25 முதல் அமலில் உள்ள நமது சட்டத்தை இப்போது எடுத்துக்கொள்வோம். அந்த அம்மா மட்டுமல்ல, இங்குள்ள ஒவ்வொரு பெண்ணும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பணத்துக்காகச் சுமப்பது சட்டப்படி குற்றம். அந்த வியாபாரத்தை நடத்துகிறவர்களுக்கு 10 வருஷம் வரை சிறையும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. ஆகவே "சட்டமே சொல்லுது" என்று பணம் பேச வந்த புரோக்கர்தான் குற்றவாளி. கல்யாணமாகி, தனக்கென்று ஒரு குழந்தை உள்ள, 25 முதல் 35 வயதுக்குட்பட்ட பெண் மட்டுமே சுமக்கலாம். அதுவும் ஆயுளில் ஒரே ஒரு முறை. அவளுக்குப் புரிகிற பாஷையில் எல்லாவற்றையும் சொல்லி எழுத்து மூலம் சம்மதம் வாங்க வேண்டும். கருவை வயிற்றில் வைப்பதற்கு முன் எந்த நிமிஷமும் அவள் மாட்டேன் என்று சொல்லலாம். கலைத்துவிடு என்று யாரும் அவளைக் கட்டாயப்படுத்தக் கூடாது. 36 மாதத்துக்கு இன்ஷூரன்ஸ் எடுத்துத்தர வேண்டும். வழக்கு என்று வந்தால், கணவனோ தம்பதியோ உறவினரோ அந்தப் பெண்ணை வற்புறுத்தியிருக்கிறார்கள் என்றே கோர்ட்டு முதலில் அனுமானிக்க வேண்டும். ஆகவே புகார் கொடுக்க அவள் பயப்பட வேண்டியதில்லை. பிறந்த குழந்தையை, ஊனம் என்றோ பெண் என்றோ, தம்பதி கைவிடக் கூடாது. இவையெல்லாம் நல்ல ஷரத்துக்கள். இவற்றை நாம் ஆதரிக்கிறோம்.

ஆனால் மறுபக்கத்தையும் பாருங்கள். குழந்தை யாருக்குச் சொந்தம் என்ற மாஜிஸ்டிரேட் உத்தரவைக் கருவை வைப்பதற்கு முன்பே வாங்கிவிட வேண்டும். அந்த உத்தரவே பிறகு பிறப்புக்கான பிரமாணமாகிறது. கரு வயிற்றுக்குள் போனபின் அவளுக்குப் பேச்சே கிடையாது. இங்கிலாந்துப் பெண்ணுக்கு ஆறு வாரம். நமது பெண்ணுக்கு ஆறு நிமிஷம்கூட இல்லை.

அடுத்தது கூலி. ஆஸ்பத்திரிச் செலவும், விதிகள் அனுமதிக்கும் சில செலவுகளும், இன்ஷூரன்சும் தவிர ஒரு காசு கூடாது. சேவை மனப்பான்மையுடன் சுமக்க வேண்டும் என்கிறது சட்டம். டாக்டர் சேவையாக ஊசி போடுகிறாரா? ஆஸ்பத்திரி சேவையாக ரூம் கொடுக்கிறதா? வக்கீல் சேவையாகப் பத்திரம் எழுதுகிறாரா? எல்லோருக்கும் பில் உண்டு. பத்து மாதம் சுமந்து, உயிரைப் பணயம் வைத்துப் பெறுகிற ஒருத்திக்கு மட்டும் சேவை! ஏழைக்கு மட்டும் தர்மோபதேசம் செய்வது இந்த அமைப்பின் பழைய வழக்கம்.

இதே சர்க்கார் 2024 ஜூனில் தன் ஊழியர்களின் விடுமுறை விதிகளைத் திருத்திற்று. சுமக்கிறவளும் வளர்க்கப்போகிறவளும், இருவரில் மத்திய சர்க்கார் ஊழியர் யாரானாலும், 180 நாள் பிரசவ விடுமுறை பெறலாம் என்றது. இரண்டு பெண்களின் பங்கையும் சர்க்காரே ஏற்றுக்கொண்டுவிட்டது! ஆனால் வயிற்றை வாடகைக்குக் கேட்டு எந்தப் புரோக்கராவது சர்க்கார் ஆபீஸ் வாசலில் நிற்கிறானா? அவன் நிற்பது மில் கேட்டில், கடன்பட்ட குடிசையின் வாசலில்.

கூலியைத் தடுத்ததால் வியாபாரம் ஒழிந்ததா? சட்டம் அமலுக்கு வந்த 2022லேயே நமது ஈரோட்டில் என்ன நடந்தது? 16 வயதுச் சிறுமி ஒருத்தியின் ஆதார் அட்டையில் வயதை ஏற்றிக் காட்டி, அவளுடைய கருமுட்டையைத் திரும்பத் திரும்ப விற்றார்கள். சிறுமியின் தாய் உட்படப் பலர் கைதானார்கள். 23 முதல் 35 வயதுக்குட்பட்ட பெண் மட்டுமே முட்டை கொடுக்கலாம், அதுவும் ஆயுளில் ஒரு முறை, ஏழு முட்டைக்கு மேல் எடுக்கக் கூடாது என்று 2021ம் வருஷத்து இன்னொரு சட்டம் சொல்கிறது. ஏட்டிலே சட்டம், வீட்டிலே வறுமை. வறுமை இருக்கிற வரை புரோக்கருக்கு வேலை உண்டு.

நாம் கேட்பது என்ன?

"கூலி கேட்டால் அது குழந்தையை விற்பது ஆகாதா?" என்று ஒரு தோழர் முன்பே கேட்டார். நியாயமான கேள்வி. குழந்தைக்கு விலை கூடாது. மனிதனுக்கு விலை போடுவதை எதிர்த்துத்தான் நமது இயக்கமே பிறந்தது. மிராசுதார் விதை என்னுடையது, ஆகவே நெல் என்னுடையது என்பான். நாமும் உழைத்தவனுக்குப் பங்கு என்போம். ஆனால் குழந்தை நெல் மூட்டை அல்ல, பங்கு போட முடியாது. ஆகவே குழந்தைக்கு விலை கேட்கவில்லை. சுமந்த காலத்தில் இழந்த வேலைக்கும், தேறுகிற காலத்துக்கும், கெட்டுப்போகிற உடம்புக்கும் ஈடு கேட்கிறோம். குழந்தை உயிரோடு பிறந்தாலும் பிறக்காவிட்டாலும், கையில் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும், அந்த ஈடு அவளுக்குச் சேர வேண்டும். அப்படியானால் அது விலை அல்ல, உழைப்பாளியின் உரிமை.

ஆகவே நாம் கோருவது:

1. சுமந்து பெற்றவளுக்குப் பிரசவத்துக்குப் பின் யோசித்துச் சம்மதம் சொல்ல ஆறு வாரமாவது வேண்டும். அவளைக் கேளாமல் தாய் ஸ்தானத்தை மாற்றக் கூடாது.

2. இழந்த கூலிக்கும் ஆரோக்கியத்துக்கும் சட்டப்படி ஈடு வேண்டும். சர்க்கார் ஊழியருக்குக் கொடுத்த விடுமுறை மில் பெண்ணுக்கும் சம்பளத்துடன் வேண்டும்.

3. சுமந்தாலும் வளர்த்தாலும் தத்தெடுத்தாலும், விவசாயத் தொழிலாளிப் பெண் உட்பட ஒவ்வொரு தாய்க்கும் பிரசவ கால ஊதியம் வேண்டும்.

4. கடன்பட்ட பெண்ணை விட்டுவிட்டுப் புரோக்கர்களையும், அவர்களுக்குக் கதவு திறக்கும் ஆஸ்பத்திரி முதலாளிகளையும் கூண்டில் ஏற்ற வேண்டும்.

5. "தகப்பனுக்குப் பிறகு தாய்" என்ற வாசகத்தைச் சட்டத்திலிருந்து நீக்கித் தாயும் தகப்பனும் சமமான கார்டியன் என்று எழுத வேண்டும்.

கடைசியாக அந்த அம்மாவுக்கு நாம் சொன்னதைச் சொல்லி முடிக்கிறோம். "அம்மா, புரோக்கர் சொன்னதில் பாதி உண்மை. சட்டம் உங்கள் மகளைத் தாய் என்று சொல்லாது. ஆனால் அவன் பணம் பேசியதும் குற்றம். மகள் எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம், பெருவிரலும் வைக்க வேண்டாம். அவன் மறுபடி வந்தால் சங்கத்துக்கு ஆள் அனுப்புங்கள். கடனைப் பற்றிச் சங்கத்தில் உட்கார்ந்து பேசுவோம்" என்றோம்.

அந்த அம்மா எழுந்தார். "கடன் கொடுத்தவன் வாசலில் வந்து நிற்கையில் மகள் தனியாக இருக்கக் கூடாது தோழர், அதுதான் எனக்குப் பயம்" என்றார்.

தோழர்களே! அந்தப் பயத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் நாம். எந்தக் கோர்ட்டும் நமக்காக அதைச் சொல்லாது. அந்த மகள் தனியாக இருக்க மாட்டாள் என்ற உறுதியை இன்றே இங்கே எடுப்போம். மில் கேட்டிலும் சேரித் தெருவிலும் புரோக்கர் கால் வைத்தால் சங்கத்துக்குத் தெரியட்டும். பெண்கள் சங்கத்தில் சேரட்டும்.

தாய்மைக்கு விலை வேண்டாம்! தாய்க்கு உரிமை வேண்டும்!